கேமிங் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறீர்களா? முதலில் எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள்!

2025 ஜூன் மாதம் திண்டுக்கல்லில் இருந்து சித்தப்பா போன் செய்தார். "ஏம்ப்பா, தம்பி பிளஸ் டூ முடிச்சுட்டான். கேம் ஆடுற மாதிரி கம்ப்யூட்டர் வேணுமாம். கடையில கொட்டேஷன் வாங்கியிருக்கோம். 28 ஆயிரம்தான். நீ ஒரு தடவை பார்த்துச் சொல்லு" என்றார். வாட்ஸ்அப்பில் கொட்டேஷனும் வந்து சேர்ந்தது. கோர் ஐ7 பிராசசர், 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, வண்ண விளக்குகள் எரியும் கண்ணாடி கேபினெட், 500 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ். படிக்கும்போது யாருக்கும் ஆசை வரும். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்பதைப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் வாசகர்களுடன் பகிர்ந்து கொள்ளவே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த ஐ7. இன்டெல் நிறுவனம் ஐ7 என்ற பெயரில் பல வருடங்களாக பிராசசர்களை விற்றிருக்கிறது. கொட்டேஷனில் இருந்தது ஐ7 2600. அது 2011-ல் வந்த இரண்டாம் தலைமுறை பிராசசர். 2022-ல் வந்த ஐ3 12100 அதைவிட நன்றாகவே வேகமானது. இரண்டிலும் இருப்பது நான்கு கோர்தான். ஐ7 என்பதைப் பார்த்து மயங்காமல், அதன் பின்னால் இருக்கும் எண்ணைப் பாருங்கள். அந்த எண்தான் பிராசசரின் வயதைச் சொல்லும்.

வயதானால் என்ன, ஓடினால் போதாதா என்று கேட்கலாம். விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் பிராசசர் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும் என்று மைக்ரோசாப்ட் சொல்கிறது. குறுக்கு வழியில் இன்ஸ்டால் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் என் தம்பி ஆட விரும்பும் வேலரன்ட் கேம் விண்டோஸ் 11-ல் ஓட டிபிஎம் 2.0-வும் செக்யூர் பூட்டும் கேட்கும். 2011 மதர்போர்டில் டிபிஎம் 2.0-க்கு எங்கே போவது? எந்த கேமுக்காக வாங்குகிறானோ அந்த கேமே திறக்காது.

அடுத்து 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. விசாரித்தால் ஜிடி 730. 2014-ல் வந்த கார்டு, அதுவும் டிடிஆர்3 மெமரி. இந்த வகை கார்டுகளுக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2021-லேயே நிறுத்திவிட்டது. கிராபிக்ஸ் கார்டில் எத்தனை ஜிபி என்பது சமையலறையில் எத்தனை பாத்திரம் இருக்கிறது என்பது மாதிரி. அடுப்பு சின்னதாக இருந்தால் பாத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி பிராசசருக்கு உள்ளேயே ஒரு கிராபிக்ஸ் இருக்கிறது. தனியாகக் கார்டு போடாமலேயே அது ஜிடி 730-ஐ முந்திவிடும்.

இதெல்லாம் சித்தப்பாவுக்கு உடனே புரிந்தது. எஸ்எம்பிஎஸ் விஷயம்தான் அவரிடம் எடுபடவில்லை. "கேபினெட் கூடவே ஃப்ரீயா தர்றாங்களே, அதுக்கு எதுக்குத் தனியா 4 ஆயிரம்?" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

நான் 2015-ல் இன்ஜினியரிங் சேர்ந்தபோது அப்பா சீட்டு எடுத்த பணத்தில் ஒரு அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். ஐ3 4150 பிராசசர். கேபினெட்டுடன் வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் 500 வாட்ஸ் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. 2017-ல் கையில் இருந்த பணத்தைச் சேர்த்து பழைய ஜிடிஎக்ஸ் 960 கார்டு ஒன்று வாங்கினேன். அதற்கு 6 பின் பவர் கனெக்டர் வேண்டும். என் எஸ்எம்பிஎஸ்ஸில் அது இல்லை. கடைக்காரர் ஒரு கன்வெர்ட்டர் ஒயர் கொடுத்தார். தேவையான கனெக்டரே இல்லாத எஸ்எம்பிஎஸ், அந்தக் கார்டுக்காகச் செய்யப்பட்டதல்ல என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. கேம் ஓடியதே, அதுவே போதும் என்றிருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி விளையாடிக் கொண்டிருக்கும்போது பட்டாசு மாதிரி ஒரு சத்தம். கருகிய வாசனை. எஸ்எம்பிஎஸ் போனது மட்டும் இல்லை, மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக் கொண்டு போய்விட்டது. அந்த ஹார்ட் டிஸ்க்கில்தான் அக்கா கல்யாண போட்டோக்கள் இருந்தன. வேறு காப்பி எடுத்து வைக்கவில்லை. கடையில் கேட்டதற்கு "உங்க வீட்டு வோல்டேஜ் பிராப்ளம்" என்று முடித்துக் கொண்டார்கள். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. சீட்டுப் பணம் மட்டும் இன்னும் ஏழு மாதம் கட்ட வேண்டி இருந்தது.

பிறகு அந்த எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரை நிதானமாகப் படித்தேன். நீங்களும் படிக்கக் கற்றுக் கொள்ளுங்கள், பெரிய வித்தை இல்லை. எஸ்எம்பிஎஸ் வீட்டு மின்சாரத்தை வாங்கி 12, 5, 3.3 வோல்ட் என்று பிரித்துத் தருகிறது. இன்றைய பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட்டில் இருந்துதான் இழுக்கின்றன. ஆகவே ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, அதை 12-ஆல் பெருக்குங்கள். என்னுடையதில் 16 ஆம்பியர். 192 வாட்ஸ். 500 வாட்ஸ் எங்கே, இது எங்கே! கார்டுக்கு 120 வாட்ஸ், பிராசசருக்கு 54 வாட்ஸ். மீதி 18 வாட்ஸில் மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க், ஃபேன் எல்லாம் ஓட வேண்டும். அந்த 192-ஐயாவது அது உண்மையில் கொடுத்திருக்குமா என்பதே சந்தேகம். வோல்டேஜ் எகிறினால் தானாக நிறுத்திக் கொள்ளும் பாதுகாப்பு சர்க்யூட் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும். விலை குறைந்தவற்றில் முதலில் கை வைக்கும் இடம் அதுதான்.

80 பிளஸ் என்ற முத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் கொடுக்கிறது என்பதைத்தான் அது அளக்கிறது. பாதுகாப்புக்குச் சான்றிதழ் அல்ல. இருந்தாலும் அந்த முத்திரையும் ஐந்து வருட வாரண்டியும் உள்ள 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ், கேபினெட்டுடன் ஓசியில் வரும் பெட்டியைவிட எவ்வளவோ மேல். கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்று ஷாக் அடித்தால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுவதற்கு முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த்தைச் சோதியுங்கள்.

சரி, தம்பிக்கு என்ன வாங்கினோம்? சித்தப்பாவிடம் 38 ஆயிரம் வரை இருந்தது, மானிட்டர் ஏற்கெனவே வீட்டில் உண்டு. 50 ஆயிரத்துக்கு மேல் இருந்திருந்தால் ரைசன் 5 5600-உம் ரேடியான் ஆர்எக்ஸ் 6600 கார்டும் சொல்லியிருப்பேன். இருப்பதை வைத்து இரண்டு தவணையாகச் செய்யலாம் என்றேன். முதல் தவணையில் 5600ஜி பிராசசர், பி550 மதர்போர்டு, 16 ஜிபி ராம், 500 ஜிபி எஸ்எஸ்டி, நல்ல எஸ்எம்பிஎஸ், விளக்கு எதுவும் எரியாத சாதாரண கேபினெட். கிராபிக்ஸ் கார்டு பிறகு. ராம் வாங்கும்போது ஒரே 16 ஜிபியாக வாங்காமல் 8 ஜிபியாக இரண்டு வாங்கச் சொன்னேன். இந்த பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் ராமைத்தான் தன் மெமரியாகப் பயன்படுத்துகிறது. இரண்டு ராம் இருந்தால் இரண்டு வழியாக டேட்டா போகும். கேமில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இதில் ஒரு குறை இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. இந்த ரைசன் உட்காரும் ஏஎம்4 சாக்கெட் 2017-ல் முதல் ரைசனுடன் பிரபலமானது. 2022-லேயே ஏஎம்5 வந்துவிட்டது. அதனால் பிற்காலத்தில் பெரிய அளவில் அப்கிரேடு செய்ய வேண்டுமென்றால் மதர்போர்டையும் ராமையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும். இருந்தும் 38 ஆயிரத்துக்கு இதுதான் சரி என்று எனக்குப் பட்டது. நண்பர் ஒருவர் என்னோடு இதற்குச் சண்டையே போட்டார். 2025 கடைசியில் இருந்து ராம் விலை வேறு ஏறிவிட்டதால், இப்போது வாங்குபவர்கள் கடைக்குப் போவதற்கு முன் ராம், எஸ்எஸ்டி விலையை மட்டும் ஒருமுறை பார்த்துக் கொள்ளுங்கள். நான் சொன்ன கணக்கு மாறும்.

வேலரன்ட் கார்டு இல்லாமலேயே ஓடுகிறது. செட்டிங்ஸைக் குறைத்துதான் வைத்திருக்கிறான், அதைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. கம்ப்யூட்டர் வந்த அன்று எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரை போட்டோ எடுத்து அனுப்பினான். "அண்ணா, 12 வோல்ட்டுக்கு 45 ஆம்பியர். 540 வாட்ஸ். சரியா?" என்று கேட்டிருந்தான். சித்தப்பாவுக்குத்தான் இன்னும் வருத்தம். இவ்வளவு காசு கொடுத்தும் பக்கத்து வீட்டுப் பையன் கம்ப்யூட்டர் மாதிரி விளக்கு எரியவில்லையாம்.