பாரக்கல்லுக்குத் தூண்டில் பிடிக்கத் தெரியாது

சித்தூர், திருப்பதிப் பக்கத்து ஏரிகளில் தூண்டில் போடும் கனத்த உடம்புக்காரர்கள் எந்தப் படகை வாங்கலாம் என்று ஒருவர் போன இதழில் எழுதியிருந்தார். படித்து முடித்ததும் இவர் எப்போதாவது சின்னப் படகில் ஏறியிருக்கிறாரா என்ற சந்தேகம்தான் முதலில் வந்தது. கனத்த உடம்புக்காரர் யாரோடாவது அவர் பேசியிருக்கிறாரா என்பது அடுத்த சந்தேகம். நான் புத்தூர்க்காரன். எடை 110 கிலோ. விரால் என்றால் உயிர். ஆகவே இந்த விஷயத்தில் சும்மா இருக்க முடியவில்லை.

அவர் சொன்னதைக் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். காற்றடைத்து மிதக்கவிடும் எட்டு கிலோ படகு ஒன்றை வாங்குங்கள். பெட்டியின்மேல் 200 கிலோ தாங்கும் என்று போட்டிருக்கிறது. உங்கள் எடை 120 என்றால் 80 கிலோ மிச்சம். பருத்த ஆள் ஏறினால் படகு ஆடாது, கப்பலுக்குப் பாரக்கல் எப்படியோ அப்படி அவரே படகை நிலைநிறுத்துவார். பரிசல் பக்கம் போகாதீர்கள், அது சுழலும், சுழல்வது கவிழும். போகிற போக்கில் இன்னொன்றும் சொல்கிறார்: கொழுப்பு தண்ணீரில் மிதக்கும், ஆகவே பருத்தவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் அவ்வளவு முக்கியமில்லை.

பாரக்கல்லிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஆளைத் தண்ணீரில் தள்ளப்போவது அதுதான். பாரக்கல் கிடப்பது கப்பலின் அடிவயிற்றில், நீர்மட்டத்துக்குக் கீழே. நம் ஆள் உட்காருவது நீர்மட்டத்துக்கு மேலே. உட்கார்ந்திருக்கும்போது அவர் பாரம் குவியும் இடம் ஏறக்குறைய தொப்புள் மட்டம். எழுந்து நின்றால் அந்தத் தொப்புள் படகின் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குப் போய்விடும். கல்லைக் கப்பலின் கொடிமரத்து உச்சியில் கட்டிவிட்டு அதைப் பாரக்கல் என்று எந்த மாலுமியும் சொல்லமாட்டான்.

படகு ஒரு பக்கம் சாயும்போது அதை நிமிர்த்துவது எது? சாய்ந்த பக்கம் கூடுதலாக அமிழ்கிறது. அங்கே விலகிய தண்ணீர் மேல்நோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளு பெரும்பாலும் படகின் நீள அகலத்தால் வருவது. உள்ளே இருப்பவர் 60 கிலோவா 120 கிலோவா என்று தண்ணீர் விசாரிப்பதில்லை. கவிழ்க்கிற பக்கத்திலோ எடையும் உயரமும் நேரடியாகக் கணக்கில் ஏறுகின்றன. 120 கிலோ ஆள் ஒரு சாண் சாய்வது, 60 கிலோ ஆள் இரண்டு சாண் சாய்வதற்குச் சமம். நிமிர்த்தும் விசை அப்படியே இருக்க, கவிழ்க்கும் விசை இரட்டிப்பாகிறது. இதற்குத்தான் கட்டுரையாளர் ‘நிலைத்தன்மை’ என்று பெயர் வைத்திருக்கிறார்.

கனத்த ஆள் ஏறினால் படகு ஆடாது என்று அவர் கண்டது பொய்யில்லை. பாரம் உயரத்தில் ஏறிய படகு மெதுவாகத்தான் ஆடும். கப்பல்காரர்கள் பயப்படுவதே அந்த மெதுவான ஆட்டத்துக்குத்தான். வெடுக்வெடுக்கென்று ஆடுகிற படகு உடனே நிமிர்ந்துகொள்ளும். சோம்பலாகச் சாய்கிற படகு யோசித்து யோசித்துத் திரும்பும். ஒருநாள் திரும்பாமலும் போகும்.

அப்படியானால் பருத்தவருக்கு என்ன வேண்டும்? அகலம். நிமிர்த்தும் விசை நீளத்தோடு ஒன்றுக்கு ஒன்றாகத்தான் கூடும். அகலத்தோடோ மும்மடிக் கணக்கில் கூடும். 80 செ.மீ. அகலப் படகை 100 செ.மீ. ஆக்கினால் அந்த விசை கிட்டத்தட்ட இரட்டிப்பு. இருபது செ.மீ., ஒரு சாண்கூட முழுசாக இல்லை, இரண்டு ஆள் வேலை செய்கிறது. கட்டுரை முழுக்கத் தேடினேன். படகின் அகலம் எத்தனை என்று ஓரிடத்திலும் இல்லை. எடை இருக்கிறது, விலை இருக்கிறது, நிறம்கூட இருக்கிறது.

இதற்குப் புத்தகம் புரட்ட வேண்டாம். திருமலையில் மாசி, பங்குனியை ஒட்டி சுவாமி புஷ்கரிணியில் ஐந்து நாள் தெப்போற்சவம் நடக்கிறது. மண்டபம், அலங்காரம், விளக்கு, உற்சவர், அர்ச்சகர்கள் என்று பாரம் எல்லாம் தெப்பத்தின் மேலேதான். அடியில் பாரக்கல் எதுவும் கட்டித் தொங்கவிடவில்லை. ஆனாலும் சாய்வதில்லை, விரிந்த அடித்தளம் அப்படி. திருப்பதியைப் பற்றி எழுதுகிறவர் இதை ஒருமுறை போய்ப் பார்த்திருக்கலாம்.

இனி அந்த 200 கிலோ. அது படகு மூழ்காது என்பதற்கான கணக்கு. நிமிர்ந்து இருக்கும் என்பதற்கு யாரும் பெட்டியில் எழுதித் தருவதில்லை. அதுவும் பாரம் சமமாகப் பரவி, தண்ணீர் அசையாமல் இருக்கும்போது. இரண்டு நடுத்தர ஆட்கள் முன்னும் பின்னும் உட்கார்ந்தால் பாரம் பரவும். ஒரே ஆள் 120 கிலோவாகப் பின்னிருக்கையில் உட்கார்ந்தால் பின்புறம் அமிழும், முன்புறம் தூக்கும், தூக்கிய மூக்கைக் காற்று பிடித்துத் திருப்பும். இரண்டரை மீட்டர் நீளமும் 80 செ.மீ. அகலமும் கொண்ட படகு, முனைகள் குறுகுவதையும் கழித்தால், 14 கிலோவுக்கு ஒரு செ.மீ. வீதம் அமிழும். ஆள், சாமான், படகின் சொந்த எடை எல்லாம் 140 கிலோ என்று வைத்தால் பத்து செ.மீ. இதில் மோட்டார் மாட்டி லாரி பேட்டரியும் ஏற்றினால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். பெட்டியில் எழுதிய எண்ணில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது என் வழக்கம். ஆளின் எடையோடு ஐஸ்பெட்டி, தண்ணீர், சாப்பாடு, பிடிபடப்போகும் மீன் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மீனைச் சேர்ப்பது நம்பிக்கை சார்ந்த விஷயம், அதை விட்டுவிடலாம்.

காற்றுப் படகின் தரை இன்னொரு வம்பு. கீழே ரப்பர் துணி மட்டும் இருக்கும் படகில் பருத்தவர் உட்கார்ந்தால் தரை தொட்டிலாகத் தொங்கும். எழுந்து நிற்க ஊன்றிய கால் உள்ளே அமிழும். பலகை போட்டால் சரியாகும். ஆனால் பலகை, பம்பு, துடுப்பு எல்லாம் சேர்ந்தபின் எட்டு கிலோ என்பது விளம்பரத்தில் மட்டும்தான் மிஞ்சும். அதோடு நம்மூர் வெயில். காலைக் குளிரில் கெட்டியாக அடித்த படகைக் கரையில் விட்டுவிட்டு மதியம் வந்து பாருங்கள், உள்ளே காற்று விரிந்து தையல் புடைத்திருக்கும். கொஞ்சம் காற்றை இறக்காவிட்டால் வெடிக்கவும் செய்யும். இறக்கிவிட்டுத் தண்ணீரில் தள்ளினால் குளிர்ந்து தொளதொளக்கும். சித்திரை வெயிலில் இதோடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும்.

எட்டு கிலோ என்றால் எளிதாகத் தூக்கலாம் என்பதும் கடையில் நின்று பேசும் பேச்சு. ராயலசெருவுக்கு வாருங்கள். கிருஷ்ணதேவராயர் காலத்தது என்று ஊரார் சொல்லும் ஏரி. 2021 நவம்பர் மழையில் கரை கசிந்து கீழ் ஊர்களைக் காலிசெய்ய வைத்த ஏரி. மழைக்காலத்தில் தண்ணீர் கரையைத் தொட்டுக் கிடக்கும். கோடையில் அதே தண்ணீர் எங்கோ உள்ளே போய்விடும். இடையில் வெடித்த சேறு, சேற்றின்மேல் வேலிகாத்தான். அந்த முள் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறும், ரப்பர் துணி எந்த மூலை? தூக்குவதற்குக் கிலோ மட்டும் கணக்கில்லை. முழங்கால் வலிக்காரர் எத்தனை தடவை குனிய வேண்டும், எத்தனை தடவை கரை ஏறி இறங்க வேண்டும், கால்பம்பை எவ்வளவு நேரம் மிதிக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. நாற்பது கிலோப் படகு டாடா ஏஸில் வந்து, இரண்டு பேர் பிடித்து ஒரே தடவையில் தண்ணீரில் வைத்தால் அது என் கணக்கில் எளிது. எட்டு கிலோப் பையோடு வந்து, மூச்சிரைக்க மிதித்து, முள் குத்தி உட்கார்ந்திருப்பது எளிதல்ல.

இப்போது பரிசல். இதைப் படித்தபோதுதான் உண்மையில் கோபம் வந்தது. விஜயநகரத்துக்கு 1520 வாக்கில் வந்த போர்த்துகீசியர் தொமிங்கோ பாயெஸ், ஆனெகுந்தி அருகே துங்கபத்திரையைக் கடக்கும் வட்டப் படகுகளைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். உள்ளே பிரம்பு, வெளியே தோல், பதினைந்து இருபது பேர் ஏறலாம், குதிரையும் மாடும்கூட ஏறும் என்கிறார். நேராகப் போகத் தெரியாமல் சுற்றிக்கொண்டே போகும் என்பதையும் அவரே சொல்கிறார். குதிரையைக் கரை சேர்த்த பரிசல் 120 கிலோ ஆசாமியைக் கவிழ்த்துவிடும் என்று ஐந்நூறு வருடம் கழித்து ஒருவர் பயமுறுத்துகிறார்.

சுழல்வது வேறு, சாய்வது வேறு. தட்டையான வட்டத்துக்கு எந்தப் பக்கம் முன் என்று கிடையாது, ஆகவே சுழலும். சாய்வதற்கும் அதற்கு ஒரு குறுகிய பக்கம் கிடையாது. தண்ணீர்மட்டத்தில் ஐந்தடி விட்டமுள்ள பரிசல் ஒன்றுக்கு, முன்சொன்ன 80 செ.மீ. படகைவிட நிமிர்த்தும் விசை மூன்று மடங்குக்கு மேல். ஒகேனக்கல் போன்ற இடங்களில் பரிசல் கவிழ்ந்து உயிர் போனதில்லையா என்று கேட்பார். போயிருக்கிறது. வெள்ளத்தில் விட்டதும், அளவுக்கு மீறி ஏற்றியதும், எல்லோரும் ஒரே பக்கம் எழுந்ததும் காரணம். அப்படிச் செய்தால் கவிழாத படகை இன்னும் யாரும் கட்டவில்லை. ஒற்றை ஆள், ஓட்டமில்லாத ஏரி, நடுவில் தாழ்ந்த இருக்கை, சுழலாமலிருக்க இரண்டு பக்கமும் கயிற்றில் ஒரு கல். இந்த ஏற்பாட்டில் ஃபைபர் பரிசலைவிடப் பருத்தவருக்கு நம்பகமானது வேறொன்றை நான் பார்த்ததில்லை. குறை இல்லையா என்றால், உண்டு. ஆடிக்காற்றில் அது நினைத்த இடத்துக்குத்தான் போகும். பெரிய நீர்த்தேக்கத்தில் துடுப்புப் போட்டுத் தோள் கழன்றுவிடும். பிச்சாட்டூரில் ஆரணியாற்று அணை போன்ற விரிந்த தண்ணீருக்கு, அடி தட்டையான, ஒரு மீட்டருக்குக் குறையாத அகலமுள்ள ஃபைபர் படகே மேல்.

தாழ்ந்த இருக்கை என்றேன். நம் ஏரிகளில் லாரி டியூபிலும் தெர்மாகோல் கட்டிலும் வலை வைக்கிற ஆட்களைப் பார்த்தாலே போதும், அதற்குப் பாடம் வேண்டாம். இடுப்பு வரை தண்ணீரோடு தண்ணீராக உட்கார்ந்திருப்பார்கள். யாரும் நாற்காலி போட்டுக்கொள்வதில்லை. கட்டுரையாளர் சிபாரிசு செய்த படகின் படத்தில் ஒரு நாற்காலி இருக்கிறது, சாய்மானத்தோடு.

எங்கே போவது என்ற பகுதியை வேகமாகக் கடந்துவிடுகிறேன். கல்யாணி அணையில் வெள்ளோட்டம் விடச் சொல்கிறார். அது சேஷாசலக் காட்டுக்குள் இருக்கும் அணை. திருப்பதியும் திருமலையும் குடிக்கும் தண்ணீர். அங்கே தூண்டிலோடு போனால் வனத்துறைக்காரர்தான் பிடிபட்ட மீன் எது என்று முடிவு செய்வார். மற்ற ஏரி, அணைகளிலும் மீன் உரிமை பெரும்பாலும் குத்தகைக்கோ மீனவர் சங்கத்துக்கோ போயிருக்கும். கேட்டுவிட்டு இறங்குவதுதான் மரியாதை. பழவேற்காடு ஏரிக்கு அவர் சொல்லும் படகைக் கொண்டுபோகவே வேண்டாம். பெரும்பகுதி ஆழம் ஓர் ஆள் இடுப்புக்கு மேல் வராது, அடியில் சேறு, மேலே கடற்காற்று. விழுந்தால் நீந்தவும் முடியாது, நிற்கவும் முடியாது. தடா பக்கம் பீமுனிவாரிபாளெம் போய், அங்கத்துத் தோணிக்காரர் ஒருவரோடு பேசி வாடகைக்கு ஏறுங்கள். காற்று எப்போது திரும்பும் என்று அவருக்குத் தெரியும். அது பறவைச் சரணாலயம் என்பதும் அவருக்குத் தெரியும்.

எதை வாங்கினாலும் ஒரு வேலை. முதல் நாள் தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, அந்தப் படகில் நீங்களாக மீண்டும் ஏற முடிகிறதா என்று பாருங்கள். கைபலம் மட்டும் போதாது. ஓரத்தில் ஒரு கயிற்றுக் கண்ணி கட்டி, அதில் கால் வைத்து ஏறிப் பழகுங்கள். ஏற முடியாத படகு எவ்வளவு மலிவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மிச்சம் இருப்பது அந்தக் கொழுப்புப் பத்தி. கொழுப்பு மிதக்கும் என்பது சரிதான். பருத்தவரை மிதக்கவைக்க இரட்டிப்பு மிதவை தேவையில்லை. ஆனால் தலை அடிபட்டோ மூச்சடைத்தோ நினைவு தப்பியவர் மிதக்கும்போது முகம் பெரும்பாலும் தண்ணீருக்குள் இருக்கும். அதை வானம் பார்க்கத் திருப்புவது, காலர் வைத்த சரியான ஜாக்கெட். எடையைப் பார்த்து வாங்காமல் மார்புச் சுற்றளவு பார்த்து வாங்க வேண்டும். வயிறு பெரியவர்களுக்கு ஜாக்கெட் மேலேறித் தாடையில் முட்டும் என்பதால் தொடையிடுக்கில் மாட்டும் பட்டையும் வேண்டும். அகலத்தையும் பரிசலையும் பற்றி அவர் எழுதியதை அவரே வைத்துக்கொள்ளட்டும், வாசகர்கள் நனைந்து தெரிந்துகொள்வார்கள். ஜாக்கெட் பற்றி எழுதிய பத்தியை மட்டும் அடுத்த இதழிலேயே, முதல் பக்கத்திலேயே, அவர் திரும்பப் பெற வேண்டும்.