பதத்தில் இறங்கும் கொழு

அருப்புக்கோட்டையில் எனக்குப் பழக்கமான ஸ்டுடியோத் தம்பியின் அலமாரி முழுக்க ஹார்ட் டிஸ்க்குகள். ஒவ்வொன்றிலும் மாதத்தை எழுதி ஒட்டியிருக்கிறார்: வைகாசி, ஆவணி, தை. "இப்ப ட்ரோன், நாலு கேமரான்னு ஆயிப்போச்சு அண்ணாச்சி. ஒரு முகூர்த்த மாசத்துக்கு ஒரு டிஸ்க்கு பத்த மாட்டேங்குது" என்றார்.

எனக்கும் அந்தப் பாடுதான். திருச்சுழிப் பக்கத்து ஊர்களில் பாட்டிமார் பாடும் ஒப்பாரியையும் தாலாட்டையும் பல வருஷமாகப் பதிந்து வருகிறேன். முன்பு ஒரு டிஸ்க் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டது. அதிலிருந்த பதினோரு ஒப்பாரிகளைப் பாடிய பாட்டி அதற்குள் காலமாகியிருந்தார். அந்தக் குரல் திரும்பவில்லை.

அதிலிருந்துதான் இந்தத் தட்டுகள் எப்படி நினைவு வைக்கின்றன என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 1956-இல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குலத் தட்டுகள் 50 இருந்தன. அத்தனையும் சேர்ந்து 50 லட்சம் எழுத்துகளைத்தான் தாங்கும். தம்பியின் கேமரா எடுக்கும் ஒரு படத்துக்கே அது காணாது. பிறகு காந்தப் புள்ளிகளைச் சிறிதாக்கிக்கொண்டே போனார்கள். படுத்துக் கிடந்தவற்றை 2005 வாக்கில் நிமிர்த்தி வைத்தார்கள். உள்ளே காற்றுக்குப் பதில் ஹீலியத்தை அடைத்தார்கள். ஓடு வேய்வதுபோல ஒரு தடத்தின் மேல் அடுத்ததை ஏற்றியும் எழுதினார்கள். ஆனால் ஓட்டுக் கூரையில் நடு ஓட்டை மட்டும் மாற்ற முடியாதே, அந்தத் தொல்லை இதிலும் உண்டு.

புள்ளி ரொம்பச் சிறுத்தால் அறையின் சாதாரணச் சூடே அதன் காந்தத் திசையைப் புரட்டிவிடும். எழுதியது அழிந்துபோகும். அதற்காக இரும்பும் பிளாட்டினமும் கலந்த, எளிதில் திசை மாறாத பூச்சைப் பூசினால், எழுதும் முனையாலேயே அதை அசைக்க முடிவதில்லை.

இந்தச் சிக்கல் நம் சம்சாரிக்குப் புதிதல்ல. கோடையில் வெடித்து இறுகிக் கிடக்கும் கரிசலில் கொழு இறங்காது. மழை பெய்து பதம் வந்ததும் இறங்கும். காய்ந்த பிறகு சால் அப்படியே நிற்கும். டிஸ்க்குக்குள் மழையின் வேலையை லேசர் செய்கிறது. எழுதவேண்டிய புள்ளியை மட்டும் 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட வைக்கிறது. இளகிய அந்தக் கணத்தில் எழுதி முடிந்துவிடுகிறது, உடனே ஆறி இறுகியும்விடுகிறது. இந்த முறையில் 30 டெராபைட்டைத் தாண்டும் டிஸ்க்குகளைச் சீகேட் நிறுவனம் 2024 ஜனவரியில் அறிவித்தது. தட்டு ஒன்றுக்கு 3 டெராபைட்டுக்கு மேல். பெரும்பாலும் தரவு மையங்களுக்குத்தான் அவை போகின்றன.

படித்தபோது மனசு நிறைந்தது, பயமும் வந்தது. அவ்வளவு பெரிய குதிர் ஒன்று சாய்ந்தால் எத்தனை பேர் குரல் போகும்! என் அம்மா விதைச் சோளத்தை நம் வீட்டில் ஒரு பானை, சித்தி வீட்டில் ஒரு பானை என்று பிரித்துத்தான் வைப்பார். இப்போது என் பதிவுகளில் ஒரு பிரதி தம்பியின் அலமாரியில் இருக்கிறது, இன்னொன்று பந்தல்குடியில் தங்கை வீட்டில்.

வருகிற வாரம் குண்டாற்றுக் கரை ஊர் ஒன்றுக்குப் போகிறேன். அங்கே ஒரு பாட்டிக்கு இன்னும் மூன்று தாலாட்டு ஞாபகம் இருக்கிறதாம்.