ஷேவ் செய்த இடத்தில் சீழ் கொப்புளமா? க்ரீம் வாங்கும் முன் இதை கவனிங்க!

தாடி, கழுத்து, தொடை என முடி முளைக்கும் இடங்களில் சிவந்த சின்னச் சின்ன கொப்புளங்கள். நடுவில் ஒரு முடி, நுனியில் சீழ். பரு என்றோ வேர்க்குரு என்றோ பலரும் விட்டுவிடும் இதன் பெயர் ஃபாலிகுலைடிஸ், அதாவது முடி வேர்க்கால் அழற்சி.

ஷேவிங் கீறல், இறுக்கமான உடை, வியர்வை எனப் பாதிக்கப்பட்ட வேர்க்காலுக்குள் ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியா புகுவதுதான் பெரும்பாலும் காரணம்.

சிக்கலே மெடிக்கல் ஷாப்பில்தான். "அரிப்புக்கு ஒரு க்ரீம் கொடுங்க" என்றால், பல நேரம் கைக்கு வருவது ஸ்டீராய்டு கலந்த க்ரீம். ரெண்டே நாளில் சிவப்பு குறையும். ஆனால் அந்த இடத்தில் தோலின் எதிர்ப்பு சக்தியும் குறைவதால் கிருமி உள்ளே வளரும். க்ரீமை நிறுத்தினால் முன்பைவிட மோசமாகத் திரும்பும். ஸ்டீராய்டே ஃபாலிகுலைடிஸை உண்டாக்குவதும் உண்டு.

இதனால்தான் 2018-ல் 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களை மத்திய அரசு 'ஷெட்யூல் ஹெச்' பட்டியலில் சேர்த்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஆனா நடப்பது என்ன என்பது வாங்கியவர்களுக்கே தெரியும்.

மார்பு, முதுகில் அரிப்போடு வருவது பூஞ்சையாகவும் இருக்கலாம். அதற்கு ஆன்டிபயாடிக் எடுத்தால் இன்னும் அதிகமாகும்.

லேசானது என்றால் சில நாள் ஷேவிங்கை நிறுத்தி, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுத்தாலே அடங்கிவிடும். காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு பரவினாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ உடனே தோல் மருத்துவரைப் பாருங்க.