மார்பகப் புற்றும் நமது கடமையும்

வெள்ளம் வருமுன் அணை கோலுதல் வேண்டும் என்பது நம் நாட்டுப் பழமொழி. ஏரிக்கரை உடைந்த பின்னர் மண் சுமப்பாரை நாம் பேதையர் என்கின்றோம். ஆயின், நம் இல்லத்து அன்னையரும் தமக்கையரும் மார்பிலே தோன்றிய சிறு கட்டி ஒன்றை மாதக்கணக்காய் மறைத்து, அது புண்ணாகிப் புரையோடிய பின்னரே வைத்தியசாலையின் வாயிலை மிதிக்குங்கால், அதனை விதியென்று கூறி வாளாவிருக்கின்றோம். இஃது அறிவுடைமையாகுமா?

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே பெருவழியின்மீது அமைந்த குருபரப்பள்ளியை நம் மாணவருட் பலர் அறிவர். மாந்தோப்புகளும் கேழ்வரகுக் கொல்லைகளும் நிறைந்த அப்பகுதி இன்று தொழிற்பேட்டையாய் விளங்குகின்றது. பொழுது புலருமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, மக்களுக்கு உணவு வைத்துவிட்டு, ஆலை வண்டி ஏறிச் செல்லும் மாதர் அங்குப் பலர். இரவு முறையில் உழைத்து விடியலில் இல்லம் திரும்புவாரும் உளர். கன்னட நாட்டின் எல்லை அணித்தாதலின், ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒலிக்கின்றன. குருபரப்பள்ளியை அடுத்த போலுப்பள்ளியில் அரசினர் மருத்துவக் கல்லூரி 2022ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் திறக்கப்பெற்றது. பெங்களூரிலே கித்வாய் புற்றுநோய் நிலையம் 1973 முதல் பணியாற்றி வருகின்றது. எனவே அங்குள்ள மாதர்க்கு வைத்தியசாலை சேய்மையில் இல்லை. அவ்வாறிருந்தும் அதனை நாடுதற்கு அவர்கள் மனம் துணியவில்லையெனின், அதன் காரணத்தை நாம் ஆராய்தல் வேண்டும்.

2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 23 லட்சம் மாதர்க்கு மார்பகப் புற்று உண்டாயிற்று என்றும், 6,70,000 பேர் அதனால் இறந்தனர் என்றும் கணக்கிட்டுள்ளனர். அதே ஆண்டில் நம் இந்திய நாட்டில் நோயுற்றோர் ஏறத்தாழ 1,92,000, இறந்தோர் 98,000. உலகக் கணக்கில் நோயுற்றோர் தொகையில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைந்தது மரணம். நம் நாட்டிலோ ஏறக்குறையப் பாதி. நம்மவர் பிந்தி வருவதும், வந்தோருட் சிலர் சிகிச்சையை இடையிலே கைவிடுவதும் இதற்குப் பெருங் காரணங்களாம்.

ஏன் பிந்துகின்றனர்? முதலாவது, இந்நோயின் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் நோவதில்லை. நோவாததனை நோயென்று யார் கொள்வர்? இரண்டாவது, நாணம். ஆடவர் முன் சொல்லலாகாதென்று எண்ணிக் கணவனிடத்தும் மகனிடத்தும் ஒளிப்பர். மூன்றாவது, அச்சம். நான்காவது, கூலி. ஒருநாள் வைத்தியசாலைக்குச் சென்றால் ஒருநாட் சம்பளம் போம். இரண்டு மூன்று நாள் சென்றால் வேலையே போமோ என்று நடுங்குவர். முன்னைய மூன்றும் அறிவுரையால் நீங்கக் கூடியவை. நான்காவது அறிவுரையால் மட்டும் நீங்குவதன்று.

நம் மாகாணத்தில் இவ்விருளை அகற்ற முன்வந்த பெருமாட்டியை ஈண்டு நினைத்தல் தகும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரை அவர் அழுது ஆற்றிக்கொள்ளவில்லை. இந்திய மாதர் சங்கத்தாரின் துணையோடு பொருள் திரட்டி, 1954ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றிலே 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையத்தைத் தோற்றுவித்தார். புற்றுநோயாளர் எவ்வாறேனும் இறப்பவரே. அவர்க்கென ஒரு நிலையம் எற்றுக்கு என்றாரும் அக்காலத்து உண்டு. 1955இல் அங்குச் சேர்ந்து, 2021இல் மறையுங்காறும் அப்பணியே உயிராய் வாழ்ந்த டாக்டர் வி. சாந்தா அம்மையாரின் வாழ்க்கையே அவர்க்கு விடையாயிற்று.

இனி, ஊரார்க்கு அறிவு புகட்டினால் மட்டும் போதுமோ என்று வினவுவோம். சீன தேசத்து ஷாங்காய் நகரில், நெசவாலைகளில் உழைத்த 2,66,000 மாதரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியார்க்குத் தம் மார்பைத் தாமே சோதிக்கும் முறையை 1989 முதல் கற்பித்தனர். பத்தாண்டுகட்குமேல் கண்காணித்து 2002இல் வெளியிட்ட முடிவு யாது? கற்றவரிடத்தும் கல்லாதவரிடத்தும் மரணம் ஒத்தே இருந்தது. தீங்கற்ற கட்டிகளை அறுத்துச் சோதித்தது மட்டும் கற்றவரிடத்து மிகுந்தது. இது கசப்பான உண்மையே, எனினும் மறைக்கலாகாது.

மற்றொரு சோதனை நம் நாட்டினது. பம்பாய்ச் சேரிகளில் வாழ்ந்த, 35 முதல் 64 வயதுக்குட்பட்ட ஒன்றரை லட்சம் மாதரை எடுத்துக்கொண்டு, டாட்டா நினைவு நிலையத்தார் 1998இல் ஆராய்ச்சி தொடங்கினர். வைத்தியப் பட்டம் பெறாத, ஆயின் நன்கு பயிற்றப்பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் மார்பைச் சோதித்தனர். 2021இல் வெளியான முடிவின்படி, நோய் முற்றிய நிலையில் வருவோர் தொகை குறைந்தது. ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆனாரிடத்து மரணம் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது குறைந்தது. இளையாரிடத்து அத்தகைய பயன் தெளிவாகக் காணப்படவில்லை. இவ்விரண்டானும் நாம் அறிவது யாது? சொல்லிவிட்டுச் செல்வது போதாது. சொல்லுடன் பயின்ற கையும், கைக்குப் பின் வைத்தியசாலையும், வைத்தியசாலைக்குப் பின் இடையறாத சிகிச்சையும் தொடர்ந்து வருதல் வேண்டும்.

நோய் வராமற் காக்கும் வழிகளும் சில உண்டு. 1926ஆம் ஆண்டிலேயே ஜேனட் லேன்-கிளேப்பன் என்னும் ஆங்கில மாது, நோயுற்ற 500 பேரையும் நோயற்ற 500 பேரையும் ஒப்பிட்டு, மகப்பேறும் பாலூட்டலும் இந்நோயோடு தொடர்புடையன எனக் காட்டினார். முப்பது தேசத்து ஆராய்ச்சிகளைத் திரட்டி 2002இல் கணக்கிட்டபோது, பாலூட்டும் ஒவ்வோர் ஆண்டிற்கும் நோயின் அபாயம் நூற்றுக்கு நான்கு அளவில் குறைகிறதெனக் கண்டனர். மதுவை விலக்கலும், உடல் உழைப்பும், மாதவிடாய் நின்ற பின் உடல் பருக்காமற் காத்தலும் நன்மை தருவன. ஆயின் ஒன்று கூறுவோம். இவற்றையெல்லாம் கைக்கொண்டவர்க்கும் நோய் வருதல் உண்டு. ஆதலின் நோயுற்றாளை நோக்கி, நீ பாலூட்டவில்லை, நீ இது செய்தாய், அது செய்தாய் என்று பழிகூறுதல் பெருங் கொடுமையாகும். பழிக்கு அஞ்சியே பலர் மறைக்கின்றனர்.

குருபரப்பள்ளி போன்ற இடத்திற்குத் தனியாக ஓர் ஆராய்ச்சியும் வேண்டும். இரவு முறையில் உழைத்தல் புற்றுநோயைப் பெரும்பாலும் விளைவிக்கக் கூடியது என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார் 2007இல் வகுத்து, 2019இல் மீண்டும் உறுதி செய்தனர். மார்பகப் புற்றே அவர்கள் ஐயத்தின் நடுவில் நின்றது. அங்ஙனமாயின், இரவெல்லாம் விழித்து உழைக்கும் நம் சகோதரிகளின் உடல்நிலையை ஆண்டுதோறும் குறித்து வைப்பது ஆலை முதல்வர்க்கும் மருத்துவக் கல்லூரியார்க்கும் கடமையன்றோ? குறிப்பேடு இல்லாத இடத்தில் ஆராய்ச்சி இல்லை. ஆராய்ச்சி இல்லாத இடத்தில் ஊகமே ஆட்சி செய்யும்.

வாயில் தேடி மருத்துவம் செல்லும் திட்டம் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியிலேதான் தொடங்கியது. 2023இல் ஈரோடு, திருப்பத்தூர், இராணிப்பேட்டை, கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டங்களில், மார்பகப் புற்று உள்ளிட்ட நோய்களைத் தேடிக் காணும் முயற்சியை அரசினர் தொடங்கினர். ஆகவே வழி புதிதாய் வெட்ட வேண்டுவதில்லை. உள்ள வழியில் மாதரை நடக்கச் செய்தலே வேண்டும். அதற்கு நாம் வேண்டுவன மூன்று. முப்பது வயது கடந்த பெண் தொழிலாளர்க்குச் சோதனைக்கென ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை அளித்தல் ஒன்று. அந்தந்த மொழியினராகிய பெண்களைக் கொண்டே அறிவுறுத்தல் இரண்டு. ஆடவர்க்கும் இதனை எடுத்துரைத்தல் மூன்று; மனைவியை வைத்தியரிடம் அனுப்புவதும் அனுப்பாததும் பல இல்லங்களில் அவர் கையிலன்றோ இருக்கின்றது.

கல்லூரிச் சஞ்சிகையில் இதனை எழுதலாமோ என்று சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். நாணம் நற்குணமே, உயிரை விலையாகக் கேட்கும் நாணம் நற்குணமன்று. மாணவ நண்பர்காள்! விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் உங்கள் அன்னையிடமும் அத்தையிடமும் இவற்றைக் கூறுங்கள். கட்டி, தோலிற் குழிவு, காம்பு உள்வாங்கல், காம்பினின்று இரத்தக் கசிவு, அக்குளில் வீக்கம் ஆகிய இவற்றில் ஒன்று தோன்றினும் நோவு வருமட்டும் காத்திராது வைத்தியரைக் காணச் சொல்லுங்கள். கட்டிகளிற் பெரும்பாலன புற்றல்ல என்பதனையும் சேர்த்துச் சொல்லுங்கள், அச்சம் தணியும். அவர் தயங்கினால் உடன் செல்லுங்கள். நாம் கற்ற கல்வி நம்மைப் பெற்றவளின் உயிரைக் காக்கவும் பயன்படுதல் வேண்டும்.