ஒரே கூண்டா, இரண்டு கூண்டா?

பெருந்துறைப் பக்கத்துத் தோட்டத்து வீடு ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கம் கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டை ஒட்டியே மாட்டுத் தீவனக் குடோன். பெருச்சாளித் தொல்லை தாங்காமல் அவருடைய கணவர் ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஜாக் ரஸ்ஸல் டெரியர் ஜாதியில் இரண்டு பெட்டைக் குட்டிகளை வாங்கி வந்தாராம். ஒரே ஈற்றில் பிறந்த அக்கா தங்கை. ஒரே தட்டு, ஒரே சாக்கு, ஒரே கூண்டு. போன மாதம் ஒருநாள் விடியற்காலையில் கூண்டுக்குள் அப்படி ஒரு சண்டை! ஒன்றுக்குக் காது கிழிந்து, இன்னொன்றுக்கு முன்னங்கால் வீங்கி, கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். "பிரிச்சு அடைச்சா ஏங்கிப் போயிரும், பாவம்" என்கிறார் கணவர். "ஒண்ணை யாருக்காச்சும் குடுத்துப்போடு கண்ணு" என்கிறார் மாமியார். வீட்டில் ஒன்பது மாதக் குழந்தை தவழ்ந்துகொண்டிருக்கிறது. "நான் என்னங்க பண்ணட்டும்?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

நாய்க்கு என்று இந்தப் பகுதியில் இத்தனை இடமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். குழந்தை தவழுகிற வீட்டில் நாய்ச் சண்டை நாயோடு முடிகிற விஷயமா, சொல்லுங்கள்?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். கூண்டு இரண்டு வேண்டும். அதுவும் இந்த வாரமே வேண்டும். ஒன்றை யாருக்காவது கொடுத்துவிட வேண்டிய அவசியம் இப்போதைக்கு இல்லை.

டெரியர் என்ற பெயரே மண் என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் வழி வந்தது. நரியும் வளைக்கரடியும் பதுங்கும் பொந்துக்குள் நுழைந்து, இருட்டில் ஒண்டியாக எதிரியை எதிர்கொள்வதற்கென்றே இங்கிலாந்தில் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த ஜாதி இது. ஜான் ரஸ்ஸல் என்ற பாதிரியார் 1819-ல் ஆக்ஸ்போர்டில் மாணவராக இருந்தபோது ஒரு பால்காரரிடம் ஒரு பெட்டை நாயை வாங்கினார் என்றும், அதன் வம்சம்தான் அவர் பெயரால் வழங்குகிறது என்றும் சொல்வார்கள். (வேட்டைக்காரர் வீட்டு நாய் இல்லை பாருங்கள், பால்காரர் வீட்டு நாய்!) நாய்களை விட்டு நரி வேட்டையாடுவதை இங்கிலாந்தில் 2004-ஆம் வருஷச் சட்டம் தடை செய்துவிட்டது. ஆனால் சட்டம் போட்டதும் ரத்தத்தில் ஊறிய குணம் மாறிவிடுமா?

அந்த வேட்டைகளில் ஹவுண்ட் என்ற பெரிய நாய்களும் உண்டு. அவை கூட்டமாக ஓடப் பழக்கப்பட்டவை. டஜன் கணக்கில் ஒரே கொட்டிலில் படுத்து உறங்கும். டெரியரை அப்படி அடைக்க அனுபவசாலிகள் துணிய மாட்டார்கள். தனித்தனியாக அடைப்பார்கள், அல்லது ஓர் ஆணும் ஒரு பெட்டையுமாக ஜோடி சேர்ப்பார்கள். காரணம் எளிது. பொந்துக்குள் பின்வாங்குகிற நாய் அந்த வேலைக்கு உதவாது. ஆகவே பின்வாங்காத நாயாகப் பார்த்தே இனம் பெருக்கினார்கள். நம் தெரு நாய்கள் இரண்டு உறுமிக்கொண்டால், ஒன்று வாலைச் சுருட்டி விலகிப் போய்விடும். சண்டை அங்கே தீர்ந்தது. டெரியர்கள் இரண்டு முட்டிக்கொண்டால், விட்டுக்கொடுக்கிற புத்தி இரண்டுக்குமே குறைவு. விலகிப் போகக் கூண்டுக்குள் இடம்தான் ஏது?

"கூடப் பிறந்ததுகதானே" என்று அந்தச் சகோதரி இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறார். அதுதான் தொல்லையே. ஒரே வயசு, ஒரே உருவம், இரண்டும் பெட்டை. யார் பெரியவள் என்று முடிவாகவில்லை. குட்டியாக இருக்கும் வரை தெரியாது. ஒன்றிலிருந்து இரண்டு வயசுக்குள்தான் அந்தக் கணக்குக் கிளம்பும். பெட்டைகள் இரண்டுக்கு நடுவே பகை விழுந்தால், ஆண் நாய்களின் சண்டையை விட மூர்க்கமாகவும் நீண்ட நாளும் இருக்கும் என்பது நாய் வளர்த்தவர்களுக்குத் தெரியும். ஆறேழு மாதத்துக்கு ஒரு தடவை பருவத்துக்கு வருகிற மூன்று வாரமும் இன்னும் மோசம். கருத்தடை ஆபரேஷன் செய்தால் அந்தச் சமயத்துச் சண்டை குறையலாம். அதோடு பகை அடியோடு போய்விடும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

இனி அந்த "ஏங்கிப் போகும்" விஷயம். பகலில் இரண்டும் உங்கள் கண் முன்னால் சேர்ந்து ஓடட்டும், குடோனைச் சுற்றட்டும், பெருச்சாளி வளையைச் சேர்ந்தே தோண்டட்டும். துணை அதற்குப் போதும். சாப்பாட்டிலும் தூக்கத்திலும் நாய்க்குத் துணை தேவையில்லை. தன் எலும்பைத் தானே தின்ன இடம் வேண்டும், நிம்மதியாகப் படுக்க இடம் வேண்டும். முதல் நாலைந்து ராத்திரி ஊளையிடும். பொறுத்துக்கொள்ளுங்கள், அடங்கிவிடும். சேர்ந்திருக்கும்போது கூட, அதே தீனித் தட்டு, அதே எலும்பு, பிடித்த பெருச்சாளி ஒன்று, வெளியே போய் வந்த உங்கள் மடி, இவையெல்லாம் சண்டைக்கு விதைகள். இன்னொன்று பலருக்குத் தெரியாது. கேட்டுக்கு வெளியே தெரு நாய் போகும். உள்ளே இரண்டும் பாய்ந்து பாய்ந்து குரைக்கும். அதை எட்ட முடியாத ஆத்திரத்தில் திரும்பிப் பக்கத்தில் நிற்பதைக் கவ்விவிடும். விடியற்காலைச் சண்டை என்று எழுதியிருக்கிறீர்களே, கூண்டு சாலையைப் பார்த்து இருக்கிறதா என்று கவனியுங்கள்.

கூண்டைப் பற்றி: இரண்டுக்கும் நடுவே வெறும் கம்பி வலை மட்டும் போட்டால் பிரித்த மாதிரியே இல்லை. வலை வழியாக நாளெல்லாம் முறைத்துக்கொண்டு, கால் விரலையும் மூக்கையும் கடித்துக்கொள்ளும். ஹாலோ பிளாக் கல்லோ, பலகையோ வைத்து மறைத்துவிடுங்கள். படுக்கிற இடம் நாலடிக்கு மூன்றடி இருந்தால் இந்த உருவத்துக்குத் தாராளம். முன்னால் நடமாடக் கொஞ்சம் இடம் விடுங்கள். டெரியர் தோண்டும், ஏறும், இரண்டும் செய்யும். ஆகவே வலைக்கு அடியில் ஒரு அடி ஆழத்துக்குக் கல் புதைத்து, மேலேயும் மூடிவிட வேண்டும். தகரக் கூரை என்றால் மேலே தென்னங்கீற்று வேய்ந்துவிடுங்கள், நம் சித்திரை வெயிலுக்கு வேறு வழியில்லை. இடம் இல்லை, அதனால் பக்கத்துப் பக்கத்தில் சங்கிலியில் கட்டுகிறோம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சங்கிலி ஒன்றோடொன்று சிக்கினால் கழுத்தை இறுக்கிவிடும். சேர்ந்து விளையாடும்போது ஒன்றின் கழுத்துப் பட்டையில் மற்றதன் தாடை மாட்டிக்கொள்வதும் உண்டு.

சண்டை வந்துவிட்டால்? தயவுசெய்து கையை நடுவில் விடாதீர்கள். எங்கள் நாத்தனார் அப்படித்தான் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுக்கப் போனார். கடித்தது அவரே சோறு போட்டு வளர்த்த நாய்தான், யாரைக் கடிக்கிறோம் என்று அதற்கு அந்த நேரத்தில் தெரியவில்லை. இன்றைக்கும் வலது கைக் கட்டைவிரல் சரியாக மடங்காது. ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் வீசுங்கள், ஈரச் சாக்கை மேலே போடுங்கள், இரண்டுக்கும் நடுவே பலகையைச் செருகுங்கள். இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கு ஒரு நாயின் பின்னங்கால்களைப் பிடித்துப் பின்னால் இழுக்கலாம். கூச்சல் மட்டும் போடாதீர்கள், வெறி ஏறும். குழந்தை இடுப்பில் இருந்தால் சண்டையை விலக்கப் போகவே வேண்டாம். முதலில் குழந்தையை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துங்கள். மனுஷர் மேல் பல் பட்டால், சின்னக் கீறலே ஆனாலும், குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, மஞ்சள் ஒன்றும் வைக்கக்கூடாது. நாய்க்குப் பட்ட கடியையும் லேசாக நினைக்காதீர்கள். வெளியே பல் பட்ட ஓட்டை இத்தனூண்டு தெரியும். உள்ளே தோலுக்கு அடியில் கிழிந்து சீழ் பிடித்திருக்கும்.

பெருச்சாளி பிடிக்கிற நாய் என்பதால் இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. எலி, பெருச்சாளியின் மூத்திரத்தில் எலிக் காய்ச்சல் கிருமி இருக்கும். நாய்க்குத் தொற்றினால் நாயின் மூத்திரத்திலும் அது வரும். அது தேங்கின ஈரத் தரையில்தான் உங்கள் குழந்தை தவழும். நாய்க்கு இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியோடு சேர்த்துக் கேட்டு வருஷா வருஷம் போட்டுவிடுங்கள். இரண்டு கூண்டாகக் கட்டும்போது தரையைச் சரிவாக வைத்து, தண்ணீர் கிணற்றுப் பக்கமோ வாசல் பக்கமோ போகாமல் வாட்டம் கொடுங்கள். குடோனில் எலி மருந்து வைக்கிற வழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். மருந்து தின்ற எலியை நாய் தின்றால் அதற்கும் ஆபத்து.

ஆறு மாதம் இப்படி வைத்துப் பார்த்தும், பகலில் உங்கள் கண் முன்னாலேயே பார்த்த மாத்திரத்தில் பாய்கின்றன என்றால், அப்போது உங்கள் மாமியார் சொன்னதைக் கேளுங்கள். குழந்தை நடக்க ஆரம்பிக்கிற வயசில் அந்த வீட்டில் ஒரு நாய் போதும். பெருச்சாளிக்கும் ஒன்றே போதும்.

கடிதத்தின் ஓரத்தில் உண்ணியைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அது பெரிய கதை, அடுத்த இதழில் எழுதுகிறேன். அதுவரை இரண்டு நாய்க்கும் ஒரே சாக்கை மாற்றி மாற்றிப் போடாமல், ஆளுக்கு ஒன்றாக வெயிலில் உலர்த்திப் போடுங்கள்.