கடை கம்ப்யூட்டரில் எத்தனை எக்ஸ்டென்ஷன் இருக்கு? இன்னைக்கே எண்ணிப் பாருங்க!

சேத்தூரில் சித்தப்பாவுக்கு உரக்கடை. போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது, "குரோம் ரொம்ப மெதுவா ஓடுதும்மா, என்னன்னு பாரு" என்றார். ஜிஎஸ்டி ரிட்டர்ன், நெட் பேங்கிங், வாட்ஸ்அப் வெப் எல்லாமே அந்த ஒரே கம்ப்யூட்டரில்தான். திறந்து பார்த்தால் ஒன்பது எக்ஸ்டென்ஷன்கள்! பிடிஎஃப் மாற்ற ஒன்று, ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஒன்று, கூப்பன் தேட ஒன்று... நாலைந்தை யார் போட்டது என்றே அவருக்குத் தெரியவில்லை. "ஃப்ரீதானேம்மா, இருந்துட்டுப் போகட்டுமே" என்றார்.

சிக்கலே அங்கேதான்.

என்ன ஆபத்து?

எக்ஸ்டென்ஷன் என்பது பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் குட்டி புரோகிராம். பல எக்ஸ்டென்ஷன்கள், நீங்கள் பார்க்கும் எல்லா இணையதளங்களின் தகவல்களையும் படிக்க, மாற்ற அனுமதி கேட்கும். நாமும் படிக்காமல் ஓகே கொடுத்துவிடுவோம். அதன்பிறகு நீங்கள் டைப் செய்வது, திரையில் தெரிவது எல்லாம் அதன் பார்வைக்கும் போகும்.

"அதான் ஓடிபி வருதே?" என்று கேட்கலாம். ஒருமுறை லாகின் செய்ததும், 'இவர் நம்ம ஆள்தான்' என்று தளம் உங்கள் பிரவுசருக்கு ஓர் அடையாளச் சீட்டு தரும். அதுதான் குக்கி. அதைத் திருடிவிட்டால் மெயில், ஃபேஸ்புக் போன்ற கணக்குகளுக்குள் பாஸ்வேர்டும் ஓடிபியும் இல்லாமலே நுழைய முடியும்.

நடந்த கதைகள்

2020-ல் கூகுள் தன் ஸ்டோரிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட மோசடி எக்ஸ்டென்ஷன்களை நீக்கியது. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், அந்த ஜூலையில் இந்தியர்களை எச்சரித்தது. திரையைப் படம் எடுப்பது, காப்பி செய்ததைப் படிப்பது, பாஸ்வேர்டு டைப் செய்வதைப் பதிவு செய்வது என எல்லா வேலையும் அவற்றுக்குத் தெரிந்திருந்தது.

நல்ல எக்ஸ்டென்ஷனாகப் பார்த்துப் போட்டால் போதுமா? போதாது. 2024 டிசம்பரில் சைபர்ஹேவன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஊழியருக்கு, கூகுளிலிருந்து வருவது போலவே ஒரு போலி மெயில் வந்தது. அவர் ஏமாந்ததும், கிறிஸ்துமஸ் அன்று அந்த நிறுவனத்தின் எக்ஸ்டென்ஷனில் விஷம் கலந்த அப்டேட் வெளியானது. அதைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 4 லட்சம் பேர். அப்டேட் தானாகவே வந்து சேரும் என்பதால், அவர்கள் எதையும் க்ளிக் செய்யத் தேவையே இருக்கவில்லை. குறி எது தெரியுமா? ஃபேஸ்புக் விளம்பரக் கணக்குகள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை ஆன்லைனில் விற்பவர் வைத்திருப்பதும் அதே மாதிரி கணக்குதான். இத்தனைக்கும் சைபர்ஹேவன், தகவல் பாதுகாப்பையே தொழிலாகச் செய்யும் நிறுவனம்!

என்ன செய்யலாம்?

* குரோமில் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளி, எக்ஸ்டென்ஷன்ஸ், மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ். தெரியாததையும் மூன்று மாதமாகத் தொடாததையும் 'ரிமூவ்' செய்யுங்கள்.
* மிச்சமிருப்பதில் 'டீட்டெய்ல்ஸ்' போய், 'சைட் ஆக்சஸ்' பகுதியில் 'ஆன் க்ளிக்' வையுங்கள். நீங்கள் அழைத்தால் மட்டும் வேலை செய்யும்.
* வங்கி, ஜிஎஸ்டி வேலைக்கு எக்ஸ்டென்ஷனே இல்லாத தனி பிரவுசர் வைத்துக்கொள்ளுங்கள்.
* கடையிலும் வீட்டிலும் ஒரே ஜிமெயிலில் 'சிங்க்' போட்டிருந்தால், வீட்டு லேப்டாப்பில் பையன் போட்டது கடைக்கும் வந்துவிடும். கடைக்குத் தனிக் கணக்கு நல்லது.
* சந்தேகம் வந்தால் எக்ஸ்டென்ஷனை நீக்கி, எல்லா டிவைஸிலும் லாக் அவுட் செய்து, வேறு போனிலிருந்து பாஸ்வேர்டை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

சித்தப்பா கடையில் ஒன்பது இப்போது ஒன்றாகிவிட்டது. "கடைச் சாவிய ஒன்பது பேருகிட்ட கொடுத்துட்டு நிம்மதியா தூங்கியிருக்கேன் பாரு" என்றார்.

உங்கள் கடைச் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது?