ஆபத்தை யார் தலையில் இறக்குகிறீர்கள்?

2017 ஜனவரி 28 அதிகாலை. காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு இல்லை என்று துறைமுகம் முதலில் சொன்னது. சில நாட்களில் எர்ணாவூர்க் கரையின் பாறை இடுக்குகளில் கறுப்புக் குழம்பு ஒதுங்கியது. அதை அள்ளுவதற்குப் பெரிதும் கைகொடுத்தவை பிளாஸ்டிக் வாளிகள்தான். தூய்மைப் பணியாளர்களும் மீனவர்களும் மாணவர்களும் வரிசையில் நின்று வாளியைக் கைமாற்றிய படங்களை நாடே பார்த்தது.

எண்ணெய்க் கசிவை எதிர்கொள்ளத் தேசிய அளவிலான செயல்திட்டம் ஒன்று 1990களிலிருந்தே இந்தியாவில் இருக்கிறது. அதாவது, திட்டம் இருந்தது. கரைக்கு வந்து சேர்ந்தது வாளி.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சிபிசிஎல் ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்குள் இறங்கியது. இந்த முறையும் மீனவர்கள்தான் படகில் போய்க் குவளையாலும் வாளியாலும் அள்ளினார்கள். ஏறக்குறைய ஏழு ஆண்டுகளில் ஒரு திட்டமும் கற்றுக்கொள்ளவில்லை என்றால், கற்றுக்கொள்ள வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை என்றுதான் பொருள். ஏன் இருக்கவில்லை என்பதுதான் கேள்வி.

திட்ட மேலாண்மைப் பாடத்தில் ஒரு பகுதி உண்டு. ஒரு ஆபத்து தெரிந்தால் நான்கு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: தவிர்க்கலாம், குறைக்கலாம், ஏற்றுக்கொள்ளலாம், இன்னொருவருக்கு மாற்றிவிடலாம். மாற்றுவது என்றால் காப்பீடு எடுப்பது, ஒப்பந்தக்காரரிடம் பொறுப்பைக் கொடுப்பது. இதில் ஒளிவுமறைவு இல்லை. காப்பீட்டு நிறுவனம் பிரீமியம் வாங்குகிறது. ஒப்பந்தக்காரர் கையெழுத்துப் போடுகிறார். இருவருக்கும் ‘முடியாது’ என்று சொல்லும் உரிமை இருக்கிறது.

வடசென்னையில் நடப்பதும் ஆபத்தை மாற்றுவதுதான். ஆனால் இங்கே வாங்கிக்கொள்பவர் கையெழுத்துப் போடவில்லை. அவருக்கு பிரீமியம் கிடையாது, மறுக்கும் உரிமையும் கிடையாது. கசிவைத் தடுக்கும் கருவியை வாங்கி, பராமரித்து, ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தால் அது திட்டச் செலவில் ஏறும். மீனவரின் தோலில் ஏறும் எண்ணெய் எந்தக் கணக்கிலும் ஏறாது. இப்படி ஒரு கணக்கு எழுத முடிவதற்கே, உழைப்பும் உடம்பும் மலிவாகக் கிடைக்கும் என்று முன்கூட்டியே நம்பப்படும் மனிதர்கள் வேண்டும். அந்த நம்பிக்கையை இந்தச் சமூகத்துக்குக் கொடுத்தது சாதி. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து 2013இல் சட்டம் வந்த பிறகும் மலக்குழிக்குள் மனிதர்கள் இறக்கப்படுவதும், எர்ணாவூரில் இயந்திரத்துக்கு முன்னால் வாளி வருவதும் ஒரே தர்க்கம்தான்.

‘ஆலைகள் வந்த பிறகுதானே அங்கே போய்க் குடியேறினார்கள்?’ என்று கேட்பவர்கள் உண்டு. காமராஜர் துறைமுகம் செயல்படத் தொடங்கியது 2001இல். கழிமுகத்தின் மீனவக் குப்பங்கள் அதற்கு எவ்வளவோ முந்தியவை. எர்ணாவூர் சுனாமி குடியிருப்போ, 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு அரசே கட்டியது. கடல் பறித்ததுபோக எஞ்சியிருந்தவர்களை ஆலைகளுக்கு நடுவே குடிவைத்துவிட்டு, ‘ஏன் இங்கே இருக்கிறீர்கள்’ என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

அமெரிக்காவின் வட கரோலினாவில், வாரன் மாவட்டத்துக் கறுப்பின மக்கள் 1982இல் நச்சுக் கழிவுக் கிடங்கை எதிர்த்துச் சாலையில் படுத்தார்கள். அந்தப் போராட்டத்துக்குப் பிறகு அங்கே ‘சுற்றுச்சூழல் இனவெறி’ என்ற சொல்லைத் தவிர்க்க முடியாமல் போனது. இங்கே நாம் இன்னும் ‘மாசு’ என்று மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம். சாம்பல் எங்கே கொட்டப்படும் என்பதைக் காற்றா முடிவு செய்கிறது? 1927இல் மகாத் குளத்தில் அம்பேத்கர் எழுப்பிய கேள்வி, பொதுநீர் யாருக்குச் சொந்தம் என்பது. எண்ணூர் கழிமுகமும் பொதுநீர்தான். அங்கே குளத்தைத் தொட விடவில்லை. இங்கே தொட முடியாதபடி ஆக்கிவிட்டார்கள்.

2024 டிசம்பர் 20 அன்று எர்ணாவூரில் ஒரு பொதுக் கருத்துக்கேட்பு நடந்தது. 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையத்தின் இடத்தில் 660 மெகாவாட் விரிவாக்கத் திட்டத்துக்கானது. மக்கள் வந்தார்கள், எதிர்த்துப் பேசினார்கள். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கருத்துக்கேட்பு தொடங்க இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை. ஊரே வேண்டாம் என்றாலும் அது திட்டத்தை நிறுத்தாது. அது குறிப்பேட்டில் பதிவாகும், நிறுவனம் பதில் எழுதும், நிபுணர் குழு பார்க்கும். மேலாண்மை மொழியில் இந்த மக்களுக்கு ‘ஸ்டேக்ஹோல்டர்’ என்று பெயர். பந்தயத்தில் வைக்கப்படுவது அவர்களுடைய நுரையீரல், முடிவு எடுப்பவர் வேறொருவர்.

அதே 2023 டிசம்பரின் 26ஆம் தேதி நள்ளிரவில், பெரியகுப்பம் கடற்பகுதியில் கோரமண்டல் ஆலைக்குச் செல்லும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. தூக்கத்திலிருந்து எழுந்து மக்கள் மூச்சுத்திணறலோடு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 புலம்பெயர் தொழிலாளர்கள் இறந்தார்கள். வேலிக்கு வெளியே மீனவர், வேலிக்கு உள்ளே வெளிமாநிலத் தொழிலாளி. இருவரின் பெயரும் திட்ட அறிக்கையில் வருவதில்லை. இழப்பீட்டுப் பட்டியலில்தான் வருகிறது.

‘மின்சாரம் வேண்டாமா, வேலை வேண்டாமா?’ என்று கேட்டால், வேண்டும். அதனால்தான் கணக்கை முழுதாக எழுதச் சொல்கிறோம். ஒவ்வொரு திட்டத்தின் ஆபத்துப் பட்டியலும், ஒவ்வோர் ஆபத்தையும் சுமக்கப்போவது யார் என்ற குறிப்போடு, கருத்துக்கேட்புக்கு முன்பே தமிழில் முழுமையாக வெளியாக வேண்டும். புதிய ஆலையை மட்டும் தனியாக எடைபோடாமல், ஏற்கெனவே சூழ்ந்திருக்கும் எல்லா ஆலைகளோடும் சேர்த்து எடைபோட வேண்டும். எச்சரிக்கை ஒலிப்பானும் கசிவு தடுப்புக் கருவியும் இயங்கும் நிலையில் கரையில் இருந்தால்தான் ஆலை ஓடலாம் என்று விதி வர வேண்டும். படகு வைத்திருப்பவரை மட்டுமல்லாமல், கையால் இறால் பிடிப்பவரையும் கூடை சுமந்து மீன் விற்கும் பெண்ணையும் விபத்துக்கு முன்பே கணக்கெடுக்க வேண்டும்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் பொறியியல் படித்தவர்கள். குடும்பத்தின் முதல் பட்டதாரியாக ஏதோ ஒரு தளத்தில் பாதுகாப்பு அலுவலராகவோ திட்டப் பொறியாளராகவோ நிற்பவர்களும் இருப்பீர்கள். தேதி நெருங்குகிறது, கையெழுத்துப் போடு என்று மேலிருந்து அழுத்தம் வரும். தனி ஆளாக மறுத்தால் வேலை போகும் என்பதும் உண்மை. ஆகவே மறுக்கும் உரிமையைத் தனிமனித மனசாட்சியிடம் விட்டுவிட முடியாது. வேலையை நிறுத்தச் சொல்லும் பொறியாளருக்குச் சங்கமும் சட்டமும் பாதுகாப்புத் தர வேண்டும். அதற்காகப் போராடுவது சாதி ஒழிப்பு அரசியலின் வேலைதான். அந்தப் பாதுகாப்பு வரும்வரைக்கும், கையெழுத்துப் போடும் முன் ஒன்றை மட்டுமாவது எழுத்தில் கேளுங்கள்: இந்த ஆபத்தை இப்போது யார் தலையில் இறக்குகிறோம்? எழுத்தில் கேட்ட கேள்வி கோப்பில் நிற்கும். நாளை எர்ணாவூர்க்காரர் நீதிமன்றம் போகும்போது அவர் கைக்கு அது வேண்டும்.